பஞ்சமம் இல்லாத பாட்டு

எனக்குப் பாட வராது. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து செங்கோட்டை ரோட்டில் ஒரு மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறேன். தடி வந்தால் அளவு போடுவேன், பலகை போனால் எண்ணிக் கொடுப்பேன். மில்லில் ரம்பம் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்குத் தோதாக இருந்தது.

என் மனைவி பாடுவாள். தென்காசியில் எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் கோயிலில் பஜனை பாடுவார்கள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். சுருதிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு, குழுவை நடத்துகிற டீச்சர் ஒரு நாள் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் கொஞ்சம் சங்கீதம் படித்தவர்.

"சும்மாதான நிக்கீங்க தம்பி. இங்கன வந்து துருத்தியைப் போடுங்க. வாயைத் தொறக்கச் சொல்ல மாட்டோம்" என்றார்.

அப்படித்தான் நான் பெண்களுக்குப் பின்னால், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். சுருதிப் பெட்டியில் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். ஒன்றை விலக்கினால் ச ஒலிக்கும். இன்னொன்றை விலக்கினால் ப, அதாவது பஞ்சமம். மேல் ச-வையும் திறந்துவிட்டுத் துருத்தியை ஒரே சீராக அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். ச-வும் ப-வும் சேர்ந்து எழுந்ததும் பின்னால் ஒரு சுவர் வந்து நின்ற மாதிரி இருக்கும். பாடுகிறவர்கள் அதில் சாய்ந்துகொள்ளலாம். எந்தப் பாட்டாக இருந்தாலும் எனக்கு வேலை ஒன்றுதான். தகடுகளை ஒரு தடவை திறந்து வைத்தேன். பிறகு அவற்றைத் தொட்டதே இல்லை.

குழுவில் ஒருத்தி என் மனைவியிடம், "அண்ணாச்சி வீட்டுலயும் இப்படித்தானா மைனி? நீங்க பாட, அவங்க பின்னால இருந்து 'ம்ம்'னு கேட்டுட்டு இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"வீட்டுல பெட்டி இல்லாமலே 'ம்ம்'தான்" என்றாள் இவள். எல்லாரும் சிரித்தார்கள். நான் துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் சிரிப்புதான்.

ஒரு நாள் காலையில் அவள் கையிலிருந்து தோசைக் கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே சொல், 'அந்தா'. அதோ இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்வது. தண்ணீர் வேண்டும் என்றாலும் அந்தா, தலை வலித்தாலும் அந்தா. பட்டாளத்தில் இருக்கிற மகன் போனில் "அம்மா" என்றால், அதற்கும் அந்தா.

டாக்டர் நல்ல மனிதர். என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சொற்கள் இருக்கும் இடத்தில் அடி விழுந்திருக்கிறது. பாட்டு இருக்கும் இடம் வேறு. பேச முடியாதவர்கள் பாடுவது உண்டு. பாடப் பாடச் சிலருக்குப் பேச்சும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சிலருக்கு என்றுதான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் அவள் பாடவில்லை. சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குழுவிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சுருதிப் பெட்டியைப் போடுவேன். குழுவில் வழக்கமாகப் பாடுகிற பாட்டின் முதல் சொல்லை எனக்கு வந்த மட்டும் இழுத்துச் சொல்வேன். என் குரலை நானே அப்போதுதான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

சீசன் தொடங்கிச் சாரல் விழுந்தது. வருசந்தோறும் அந்த நேரத்தில் ஒரு நாளாவது குற்றாலம் போய்விடுவோம். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர், "ஐந்தருவி கிட்ட வரைக்கும் கொண்டுபோயிருதேன், அக்கா வண்டியிலயே உக்காந்து பாக்கட்டும்" என்றார். கூட்டம் குறைவான ஒரு முற்பகலில் போனோம். ஆட்டோவுக்குள் சாரல் அடித்தது. அவள் முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். அவள் இடது கையால் என் கையை ஒதுக்கிவிட்டு அருவிப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் விழுகிற இரைச்சலில் முதலில் எனக்குத் தெரியவில்லை. அவள் கழுத்து நரம்பு அசைவதைப் பார்த்த பிறகுதான் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

பாடினாள். சொல் இல்லை, வெறும் ராகம். மெதுவாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவள் பாடி நான் கேட்காத பாட்டு எதுவும் இருக்காது என்று நினைத்திருந்தேன். இதை நான் கேட்டதே இல்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் பெட்டியைப் போட்டேன். அவள் அதே ராகத்தைத் தொடங்கினாள். ஆனால் ஐந்தருவியில் கேட்ட மாதிரி இல்லை. கொஞ்ச தூரம் போவாள், முகத்தைச் சுளிப்பாள், நின்றுவிடுவாள். பெட்டியைக் காட்டி "அந்தா" என்பாள். பிறகு முதலிலிருந்து தொடங்குவாள்.

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். விரலை மடக்கி மடக்கி எதையோ சரிபார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கல்யாணிதான் தம்பி இது. அதே க, அதே ம, அதே த, நி. ஆனா ரி இல்ல, ப இல்ல. ஒரு எடத்துல அதுகளை விட்டுட்டுப் பாடுதது உண்டு. இவ ஒரு எடத்துலகூடத் தொடல பாருங்க. சொல்லு போன மாதிரி சுரமும் ரெண்டு போயிருக்கு."

கல்யாணி எனக்கும் தெரிந்த ராகம்தான். கல்யாண வீடுகளில் நாயனத்தில் வரும். எங்கள் குழுவிலும் பாதிப் பாட்டு அதில்தான். ச ரி க ம ப த நி என்று ஏழு சுரமும் நிறைந்த ராகம். அதில் இரண்டு விழுந்துவிட்டது என்றதும் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அழுதா ஆயிருமா?" என்று டீச்சர் அவளை அதட்டினார். என்னிடம், "அந்த ரெண்டையும் மீட்டுட்டா சொல்லும் பின்னாலயே வந்துரும் தம்பி. டாக்டர் சொன்னது இதைத்தான்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் சொன்னபோது டாக்டர் சொன்னது அதைத்தான் என்று எனக்கும் தோன்றியது.

மறுநாளே தன் பழைய ஆர்மோனியத்தை ஆட்டோவில் அனுப்பி வைத்தார். பின்னாலேயே வந்து எனக்குக் கல்யாணியின் கட்டைகளைக் காட்டிக் கொடுத்தார். நோய்க்குப் பிறகு என் மனைவியின் குரல் இறங்கியிருந்தது. அதற்குத் தகுந்தபடி ச-வை வைத்தால் மற்றதெல்லாம் வெள்ளைக் கட்டை, ம மட்டும் கறுப்பு. என்னைப் போன்றவனுக்கு அது லேசாகிவிட்டது. சுருதிப் பெட்டியையும் அதற்கு இறக்கி வைத்துக்கொண்டோம். டீச்சர் பெட்டியைப் போட, நான் ஆர்மோனியத்தில் ஒற்றை விரலால் ஏழையும் தொட்டு ஏறுவேன், இறங்குவேன். அவர் வராத நாளில் முதலில் பெட்டியைக் கொஞ்சம் போட்டுச் சுருதியைக் காதில் ஏற்றிவிட்டு ஆர்மோனியத்தைத் தொடுவேன்.

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ரி-யைத் தொட்டதும் அவளுடைய இடது கை வந்து என் விரலின் மேல் படியும். ப-வைத் தொட்டால் மறுபடி படியும். கோபமாகத் தள்ள மாட்டாள். எச்சில் இலையில் கை வைக்கப் போகிற குழந்தையைத் தடுப்பது போல, உள்ளங்கையை அப்படியே விரித்து மூடுவாள். "அந்தா" என்பாள். இழந்த இடத்தைத் தொடும்போது வலிக்கிறது என்று டீச்சர் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வலித்தாலும் காலை நீட்டி மடக்கச் சொல்லித்தானே பிசியோதெரபி செய்கிற பெண்ணும் சொல்கிறாள். அதனால் நான் விடவில்லை. அவள் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு மறுபடி ப-வை அழுத்துவேன்.

அந்தச் சீசன் முழுக்க எங்கள் வீட்டில் சாயங்காலம் இதுதான் நடந்தது. தெருவில் போகிறவர்கள், அண்ணாச்சி பாட்டுப் படிக்கிறார் என்று சொல்லிக்கொண்டார்களாம்.

மில்லில் ஒரு நாள் கரண்ட் இல்லை. ரம்பம் நின்றதால் அமைதியாக இருந்தது. சாயங்காலங்களில் அவள் விட்டு விட்டுப் பாடியதைப் போனில் பதிந்து வைத்திருந்தேன்; பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து அதைக் கேட்டேன். பல நாள் பதிந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. கேட்கக் கேட்க எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவள் தப்புச் செய்யவில்லை என்பதுதான் சரியில்லாமல் இருந்தது.

சொல்லைத் தேடும்போது அவள் படும் பாடு எனக்குத் தெரியும். தம்ளரைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுப்பாள். இன்றைக்கு ஒரு சத்தம் வரும், நாளைக்கு வேறு சத்தம். உதடு தடுமாறும். கண் அலையும். கடைசியில் முடியாமல் அந்தா என்று முடிப்பாள். பாட்டில் அந்தத் தடவல் இல்லை. ச-விலிருந்து நேராக க-வுக்கு ஏறினாள். ம-விலிருந்து நேராக த-வுக்குப் போனாள். எல்லா நாளும் அதே இடம், அதே தாண்டல்.

நான் உட்கார்ந்திருந்த பலகையிலேயே ஒரு ஓட்டை இருந்தது. மரத்தின் முடிச்சு காய்ந்து விழுந்து உண்டான ஓட்டை. விளிம்பெல்லாம் பிய்ந்து சிலும்பாக இருந்தது. எதிரே ஒரு ஜன்னல் சட்டம் சாய்த்து வைத்திருந்தது. அதிலும் நடுவில் ஒன்றும் இல்லைதான். ஆனால் அது அளந்து விட்ட இடம். விளிம்பில் கை வைத்தால் வழுக்கும். அவள் பாட்டில் ரி இல்லாத இடமும் ப இல்லாத இடமும் அந்த மாதிரி இருந்தன. எதுவும் பிய்ந்து விழுந்த இடமாக இல்லை. அந்தப் பாட்டே ஐந்து சுரத்தில் கட்டியது.

கரண்ட் வருவதற்குள் முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஆர்மோனியத்தில் ஐந்தை மட்டும் தொட்டேன். ச, க, கறுப்புக் கட்டையில் ம, த, நி. மேலே ச. அதே வழியாக இறங்கினேன். அவள் கை மடியிலேயே இருந்தது. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு ஆர்மோனியத்தை நகர்த்திவிட்டுச் சுருதிப் பெட்டியை எடுத்தேன். எனக்குத் தெரிந்த கருவி அதுதான். துருத்தியை அசைத்ததும் வழக்கம்போல ச-வும் ப-வும் எழுந்தன. அவள் முகம் சுளித்தது. "அந்தா" என்று கையை நீட்டினாள். அப்போதுதான் அவள் விரல் எங்கே நீள்கிறது என்று பார்த்தேன். வரிசையில் ப இருக்கிற தகட்டின் பக்கம். இத்தனை நாளாகப் பெட்டியை எடுத்துப் போகச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஐந்தருவியில் அவள் தடையில்லாமல் பாடியது எதனால் என்றும் புரிந்தது. அங்கே வெறும் தண்ணீர்ச் சத்தம். ப-வைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

தகட்டைத் தள்ளி ப-வை அடைத்தேன். ச மட்டும் நின்றது. வீடு காலியான மாதிரி இருந்தது.

அவள் பாடினாள். ச-விலிருந்து க-வுக்கு அந்தப் பெரிய தாண்டல். அப்புறம் ம. கல்யாணியில் அந்த ம எப்போதும் ப-வை ஒட்டி, அதில் சாய்ந்துகொண்டு நிற்கும். இங்கே சாய ஒன்றும் இல்லை. தனியாக, கொஞ்சம் நடுங்கி, ஆனால் விழாமல் நின்றது. அங்கிருந்து த, நி, மேல் ச. ஓரிடத்திலும் நிற்காமல் கடைசிவரை பாடினாள். அது முழுப் பாட்டாக இருந்தது. அதில் எதுவும் குறையவில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துருத்தியை நிறுத்திவிட்டு அவள் நெற்றியைத் துடைத்தபோதுதான் மற்றது உறைத்தது. சுரம் எதுவும் போகவில்லை என்றால் மீட்க வேண்டிய சுரமும் இல்லை. ப வந்தால் சொல் வரும் என்று நான் பிடித்துக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று. பாட்டு முழுசாக ஓரிடத்தில் இருந்தது. சொல் தனியாக, அதன் இடத்தில், போயிருந்தது.

டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. திருநெல்வேலியில் வீணை வாசிக்கிற தன் சித்தி மகளுக்குப் போன் போட்டு, அந்த ஐந்து சுரத்தையும் பாடிக் காட்டினார். கேட்டு முடித்ததும் என்னிடம், "அப்படி ஒரு ராகம் இருக்காம் தம்பி. சுநாதவினோதினின்னு பேரு. எல்லாரும் பாடுததில்லையாம்" என்றார். கட்டிலைப் பார்த்தார். "நான் பாட்டுக்குக் குறைன்னுட்டேன் பாருங்க. இதை எங்க கத்துக்கிட்டா இவ?"

அது எனக்கும் தெரியாது. புளியறையில் அவள் அண்ணன் செக்போஸ்ட் பக்கம் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார். தங்கையைப் பார்க்க வந்தபோது கேட்டேன்.

"பாட்டா? கல்யாணத்துக்கு முன்ன செங்கோட்டையில ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவா மாப்ள, சங்கீதம்னு. பொறவு அப்பா போக வேண்டாம்னுட்டாரு. யாரு வீடு, என்ன பேரு, ஒண்ணும் ஞாபகம் இல்ல. அந்தத் தெருவுல எல்லாம் இப்ப காம்ப்ளக்ஸ் ஆயிட்டு" என்றார்.

செங்கோட்டை என்றதும் அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அந்தா" என்றாள். அவர், "ஆமாம்மா, ஆமா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது ஆமாதானா, வேறு எதுவோ, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. யாரிடம் கற்றாள், எத்தனை நாள் கற்றாள், குழுவில் ஏன் ஒரு நாளும் பாடவில்லை, வீட்டில் அடுப்படியில்கூட ஏன் முணுமுணுக்கவில்லை என்றெல்லாம் அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டும் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு ஆர்மோனியத்தை டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சாயங்காலம் ப-வை அடைத்து ச-வை மட்டும் வைப்பேன், அவள் பாடுவாள். எனக்கு அது போதும் என்று ஆகிவிட்டது. சில நாள் பாதியில் தூங்கிவிடுவாள். தூங்கின பிறகும் கொஞ்ச நேரம் துருத்தியை நிறுத்தாமல் வைத்திருப்பேன்.

கார்த்திகை அடைமழையில் அவளுக்கு மறுபடி ஒரு தடவை வாதம் வந்தது. இந்தத் தடவை திருநெல்வேலி வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. மகன் லீவு கிடைத்து வந்து சேர்வதற்காகக் காத்திருந்து எடுத்தோம்.

ரொம்ப நாள் நான் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போகவில்லை. வேறு நாளில் கோயில் பக்கம் போனால் வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டு வருவேன். ஆடி பிறப்பதற்கு முன்னால் டீச்சர் ஆள் அனுப்பினார். ஆடி வெள்ளிக்கு அவள் நினைவாக அந்த ராகத்திலேயே பாடலாம் என்று தீர்மானித்திருக்கிறார்களாம். அம்மன் பேர்களை வைத்து நாலு வரி டீச்சரே கட்டியிருந்தார். நான் பெட்டியோடு போனேன். தூணுக்குப் பக்கத்தில் என் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ப-வை அடைத்து ச-வை மட்டும் திறந்து வைத்தேன். டீச்சர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். முதல் வரியிலேயே ஒருத்திக்கு ரி வந்துவிட்டது. நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை ம வரைக்கும் சரியாகப் போனார்கள். ம-வில் கால் ஊன்ற முடியாமல் ஒவ்வொருத்தியாக ப-வுக்கு நழுவினார்கள்.

"ஏட்டி, அதைத் தாண்டணும், அதுல உக்காரக் கூடாது" என்றார் டீச்சர்.

"தாண்டத்தான் டீச்சர் போறேன், அது தானா வந்து நிக்கி" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை பாடினார்கள். நான்கு வரியும் கல்யாணியாகிவிட்டது. கடைசியில் டீச்சரே தனியாகப் பாடிப் பார்த்தார். அவருக்கும் ப வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு கையும் ஒரு காலும் போய், சொல் எல்லாம் போய்க் கிடந்தவள் ஒரு நாளும் தொடாத சுரத்தை, நன்றாக இருக்கிற எங்களில் யாராலும் தொடாமல் இருக்க முடியவில்லை. நான் துருத்தியை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தேன். ச மட்டும் மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் எழ வேண்டிய பாட்டு எது என்று எனக்கு மட்டும் காதில் இருந்தது. எனக்குப் பாட வராது.

"வரமாட்டேங்கு தம்பி" என்றார் டீச்சர். "கல்யாணியாவே பாடிருவோமா? நீங்க என்ன சொல்லுதீங்க?"

பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருசத்தில் என்ன பாடலாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் தலையை ஆட்டினேன். தகட்டை விலக்கினேன். ப எழுந்து மண்டபத்தை நிறைத்தது. அவர்கள் அதில் சாய்ந்து பாட ஆரம்பித்தார்கள்.